யாருக்குத் திறக்கணும்னு கதவுக்குத் தெரியுமா? கீழப்பழுவூர் வீட்டில் ஒரு பூனைப் பஞ்சாயத்து!

நியூட்டனின் பூனைக் கதை தெரியாதவர்கள் குறைவு. பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டை, குட்டிக்குச் சின்ன ஓட்டை என்று கதவில் இரண்டு ஓட்டை போட்டாராம் அந்த மேதை. பெரிய ஓட்டை வழியாகவே குட்டியும் போய்விடுமே என்பது அவருக்குத் தோன்றவில்லையாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் இந்தக் கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால், பூனைக்காகக் கதவைக் குடையும் பழக்கம் நியூட்டனுக்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் தேவாலயத்தில், பழைய கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் கதவில் 1598-ம் ஆண்டு ஆசாரிகளுக்குக் கூலி கொடுத்து ஓட்டை போட்டிருக்கிறார்கள். எலி பிடிக்கும் பூனை வந்து போவதற்காக. நியூட்டன் பிறந்தது 1642-ல்.

சரி, அந்த ஓட்டை வழியாக ஊர்ப் பூனையெல்லாம் உள்ளே வந்தால் என்ன செய்வது? கதையில் யாரும் கேட்காத இந்தக் கேள்வியோடு, கீழப்பழுவூரில் ஒரு குடும்பம் போன ஐப்பசியில் ஆரம்பித்து தை வரைக்கும் மல்லுக்கட்டியது.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையும், திருச்சி - சிதம்பரம் சாலையும் சந்திக்கிற ஊர் இது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பழுவேட்டரையர்களின் ஊர். தினமும் அந்தப் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு லாரிகளின் ஊர். சுற்றுவட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் இருப்பதால் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகின்றன. அதனாலேயே அந்த வீட்டுப் பூனைகள் வாசல் பக்கம் போகாது. அவற்றின் உலகம் முழுக்கக் கொல்லைப்புறம்தான்.

வீட்டில் நான்கு பேர். 71 வயது அப்பாயி, சிமென்ட் ஆலையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் மகன், வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கும் மருமகள், திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பேத்தி. பூனைகள் மூன்று. மூத்தது மணி. 12 வயது, பெண், அப்பாயியின் பாய்க்குப் பக்கத்தில்தான் தூங்கும். அடுத்தது சுப்பு. மூன்றாவதுக்கு பட்டர் என்று பேர் வைத்தது பேத்தி. அப்பாயி வாயில் அது 'பட்டரு' ஆகிவிட்டது.

முன்பு இது ஓட்டு வீடு. பூனைக்கு வழி என்று தனியாக யாரும் யோசித்ததில்லை. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் எங்காவது ஒரு சந்து இருக்கும், அது வரும், போகும். சில வருடங்களுக்கு முன் காங்கிரீட் போட்டு, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்தார்கள். வீடு நல்லபடியாக மாறியது. பூனைக்கு மட்டும் வழி போயிற்று. அதற்கு அப்பாயி கண்டுபிடித்த தீர்வு ஒரு செங்கல். ராத்திரியில் கொல்லைக் கதவை ஒரு சாண் திறந்து, நடுவில் செங்கல்லை வைத்துவிடுவார். பழைய வீட்டிலிருந்து கழற்றி மாட்டிய இரட்டைக் கதவு அது. தேக்கு. அவருடைய மாமனார் காலத்துச் சாமான்.

ஒரு செங்கல் இடைவெளியில் பூனை மட்டும்தான் வரும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முதலில் வந்தது ஒரு கடுவன். பெரிய தலை, கிழிந்த காது. ராத்திரி 11 மணிக்கு மேல் வந்து மூன்று பூனைகளின் தட்டையும் நக்கிவிட்டு, அரிசி டிரம் மேல் மூத்திரம் அடித்துவிட்டுப் போகும். கடுவன் மூத்திர வாடையை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், ஃபினாயில் போட்டாலும் போகாது. ரவுடி என்று பேர் வைத்தாள் பேத்தி. ஒருநாள் சுப்புவும் ரவுடியும் சமையலறையில் கட்டிப் புரண்டபோது விலக்கிவிடப் போன மருமகளின் புறங்கையில் நகம் ஆழமாக இறங்கிவிட்டது. சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். 0, 3, 7, 28 என்று நான்கு நாள் கணக்கு. தெருப் பூனை கடித்தாலோ, ரத்தம் வரக் கீறினாலோ 'பூனைதானே' என்று விட்டுவிடக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் என்று பெயரில்தான் நாய் இருக்கிறது, பூனையிடமிருந்தும் அது வரும்.

நான்காவது ஊசி போட்டுவிட்டு வந்த அன்றைக்கு மருமகள் சொன்னது ஒரே வரி.

"அத்தை, பூனைங்கள நான் ஒண்ணும் சொல்லல. அந்தக் கதவ மட்டும் சாத்துங்க."

அப்பாயி சாத்தவில்லை. இரண்டு நாள் சாத்திப் பார்த்தார். உள்ளே இருந்த சுப்பு விடிய விடியக் கத்தியது. மணியின் பிரச்னை வேறு. அதற்குச் சிறுநீரகக் கோளாறு. வயதான பூனைகளுக்குப் பரவலாக வருகிற வியாதி இது. அடிக்கடி தண்ணீர் குடிக்கும், அடிக்கடி வெளியே போகும். வீட்டுக்குள் மண் தட்டு வைத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கொல்லையில் வேப்பமரத்தடி மண்ணைக் கீறிப் பழகிய பூனை, தட்டைச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டு அப்பாயியைப் பார்த்துக் கத்தியது. மூன்றாம் நாள் செங்கல் மறுபடியும் கதவிடுக்குக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் கட்டுவிரியன்.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ராத்திரி. மகன் நைட் ஷிப்டில். இரண்டு மணி வாக்கில் பட்டர் சீறுகிற சத்தம் கேட்டு மருமகள் லைட்டைப் போட்டார். அப்பாயியின் பாய் விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு அது சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தது. மணியும் பட்டரும் இரண்டு பக்கமும் நின்று சீறிக்கொண்டிருந்தன. அப்பாயி தூங்கிக்கொண்டிருந்தார்.

கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு. எலி, பல்லி, மற்ற பாம்புகளைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்தில் கடித்துவிடுகிறது. கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது என்பதால், பலருக்குக் கடிபட்டதே தெரியாது. வயிறு வலிக்கிறது, கண் இமை சொருகுகிறது, பேச்சு குழறுகிறது என்று ஆரம்பிக்கும். பிறகு மூச்சு. உடனே 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போவது ஒன்றுதான் வழி. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறி ரத்தத்தை உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு இருக்கட்டும்.

அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பாயியை எழுப்பி எட்ட அழைத்துப் போய், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, பாம்பு வந்த வழியே வெளியே போகும்வரை காத்திருந்தார்கள். காலையில் ஷிப்ட் முடித்து வந்த மகன் செங்கல்லைத் தூக்கிக் கொல்லைக்கு வெளியே எறிந்தார். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பூனைங்க இருந்ததாலதான்டா பாம்பு தெரிஞ்சுது" என்றார் அப்பாயி.

"பூனைக்குக் கதவத் தொறந்து வெச்சதாலதான்மா பாம்பு வந்துச்சு" என்றார் மகன்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் சிக்கல்.

பேத்தி கண்டுபிடித்த கதவுகள்

திருச்சியிலிருந்து பேத்தி போனில் தேட ஆரம்பித்தாள். கதவின் அடியில் பொருத்தும் சின்ன மடல் கதவு வெளிநாடுகளில் சகஜம். பூனை தலையால் முட்டினால் ஆடித் திறந்து, தானாக மூடிக்கொள்ளும். சாதாரண மடல் வேண்டாம் என்பது உடனே தெரிந்துவிட்டது. சுப்பு முட்டினால் திறப்பது ரவுடி முட்டினாலும் திறக்கும். நம் பூனைக்கு மட்டும் திறக்கிற கதவு வேண்டும்.

அப்படிப்பட்டவற்றில் பழையது காந்தப் பட்டை. பூனையின் கழுத்துப் பட்டையில் ஒரு காந்தம் தொங்கும். அருகே வந்ததும் கதவின் தாழ் விலகும். விலை குறைவு. பேத்திக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால், இந்தக் காந்தச் சாவிகள் பொதுவாக ஒரே மாதிரி. பக்கத்துத் தெருவில் யாராவது அதே பட்டையைத் தங்கள் பூனைக்குக் கட்டினால் அதுவும் உள்ளே வரலாம். கீழப்பழுவூரில் அப்படி இன்னொருவர் வாங்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். அப்பா சொன்ன காரணம்தான் அந்த யோசனையை முடித்துவைத்தது. "லாரி போற ஊரு பாப்பா. ஆணி, கம்பித் துண்டு, போல்ட்டுன்னு எங்க பாத்தாலும் இரும்பு. அத்தனையும் கழுத்துல ஒட்டிக்கிட்டு வரும்." காந்தப் பட்டை கட்டிய பூனைகள் இரும்புச் சாமான்களோடு வீடு திரும்புவது வெளிநாட்டுக்காரர்களும் சொல்கிற புகார்தான்.

கழுத்துப் பட்டை என்பதே இன்னொரு தலைவலி. மரம் ஏறுகிற பூனைக்குப் பட்டை கிளையில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் இழுத்தால் அவிழ்ந்துவிடும் பட்டைதான் போட வேண்டும். அவிழ்ந்து விழுந்துவிட்டால் சாவி போச்சு, பூனை வெளியே நிற்கும். ஒவ்வொரு பூனைக்கும் தனி எண் உள்ள மின்னணு வில்லையைப் பட்டையில் தொங்கவிடும் வகையும் உண்டு. ரவுடிப் பிரச்னை அதில் தீரும், பட்டைப் பிரச்னை தீராது.

கடைசியாக மிஞ்சியது மைக்ரோசிப் கதவு. இதன் பின்னால் கீழப்பழுவூர்க் கதையைப் போலவே ஒரு கதை இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக் ஹில் என்ற இயற்பியலாளரின் வீட்டில் ஃப்ளிப்பர் என்று ஒரு பூனை. அக்கம்பக்கத்துப் பூனைகள் உள்ளே வந்து அதைத் துன்புறுத்தின. மனிதர் சும்மா இருக்காமல், பூனையின் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் அடையாளச் சிப்பைப் படித்துத் திறக்கும் கதவைச் செய்தார். ஷ்யூர்ஃப்ளாப் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

சிப் என்றதும் பலருக்கு ஜி.பி.எஸ் நினைவுக்கு வருகிறது. அது இல்லை இது. பூனை எங்கே போகிறது என்று போனில் காட்டாது. அரிசி மணி அளவுக் கண்ணாடிக் குப்பி, ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம். உள்ளே ஒரு நுண்சுருள், ஒரு எண். பேட்டரி கிடையாது. கால்நடை மருத்துவர் சற்றே தடித்த ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கடியில் வைத்துவிடுவார். படிக்கும் கருவி அருகே வந்து 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், அந்தச் சக்தியிலேயே சிப் விழித்துத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். கழன்று விழாது, பூனையின் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும்.

கதவில் பூனை தலையை நுழைத்ததும் உணரி விழிக்கும். எண்ணைப் படிக்கும். பதிவு செய்த எண் என்றால் தாழ் விலகும். பதிவு செய்வதும் எளிது. பொத்தானை அழுத்திவிட்டு, நம் பூனையை ஒருமுறை அந்த வழியாக நுழையவிட்டால் போதும். சாதாரண மாடலிலேயே 32 பூனை வரை சேர்க்கலாம். "முப்பத்திரண்டா!" என்று அப்பாயி ஆர்வமாகக் கேட்டதாகவும், மருமகள் உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டதாகவும் தகவல்.

இந்த வகையிலும் இரண்டு இருக்கிறது. வாங்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒன்று, வெளியிலிருந்து உள்ளே வரும்போது மட்டும் எண்ணைப் பார்க்கும். வெளியே போக யாரையும் தடுக்காது. இன்னொன்று, போகும்போதும் பார்க்கும். இது போகலாம், அது வீட்டிலேயே இருக்கட்டும் என்று பிரித்துவைக்கலாம். இரண்டாவதுதான் உயர்ந்தது என்று தோன்றும். விலையும் அதிகம். ஆனால், ரவுடி எப்படியோ உள்ளே வந்துவிட்டது என்று வையுங்கள். மனிதர்கள் கதவைத் திறக்கும்போது காலுக்கடியில் நுழைவது அதற்குப் பெரிய வேலையா? முதல் வகைக் கதவில் அது தானாக ஓடிவிடும். இரண்டாவது வகையில் வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட கடுவனோடு ஒரு ராத்திரி இருப்பதைவிட, வந்தது போய்விடுவது நல்லது. ஒரு பூனைக்கு மட்டும் வெளியே போகத் தடை என்கிற வீட்டுக்குத்தான் இரண்டாவது வகை தேவை. இந்த வீட்டுக்கு இல்லை.

செயலியோடு இணைகிற மாடலும் இருக்கிறது. சுப்பு 9.40-க்கு வெளியே போனான் என்று போனுக்குத் தகவல் வரும். பேத்திக்கு அதுதான் வேண்டும் என்று ஆசை. ஹாஸ்டலிலிருந்தே பூனைகளைப் பார்த்துக்கொள்ளலாமே! "நீ எத்தனை மணிக்கு ஹாஸ்டலுக்கு வர்றேன்னு சொல்ற ஒண்ணு வந்தா சொல்லு, வாங்கலாம்" என்றார் அம்மா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பாம்புக்கு என்ன பதில்?

இதுதான் உண்மையான கேள்வி. மருமகள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். ரவுடிக்குத் திறக்காது, சரி. பாம்புக்கு?

ஒரு சாண் அகலம் திறந்த கதவோடு ஒப்பிட்டால், தாழ் விழுந்த மடல் கதவு எவ்வளவோ மேல். ஆனால், அது பாம்புக்கென்று செய்த சாமான் இல்லை. மடலைச் சுற்றி இடுக்கு இல்லாமல் பொருந்துகிறதா, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் சந்து விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், பெரிய கதவின் அடி. கொல்லைக் கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளியை விட்டுவிட்டு மேலே மைக்ரோசிப் மாட்டி என்ன பயன்? அந்த இடைவெளியை அடைக்க ரப்பர் பட்டை வாங்கினார்கள். கொல்லையில் சுவரை ஒட்டிக் கிடந்த செங்கல் குவியலையும் விறகையும் அப்புறப்படுத்தினார்கள். அப்பாயிக்குக் கட்டில் வந்தது. பாயில் படுத்தால்தான் முதுகு கேட்கும் என்றவர், பாயைக் கட்டில் மேல் விரித்துக்கொண்டு படுக்கிறார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்தக் கதையில் அதிகப் பாதுகாப்பு கொடுத்தது கட்டில்தான்.

இன்னொரு வழியிலும் பாம்பு வரலாம். பூனையே வாயில் கவ்விக்கொண்டு வரும். சிப் கதவு பூனையை அடையாளம் காணும். அதன் வாயில் இருப்பதைப் பார்க்காது. அமெரிக்காவில் அமேசானில் வேலை பார்த்த பென் ஹாம் என்பவர், தன் பூனை மெட்ரிக் கொல்லும் எலியும் பறவையும் தாங்காமல், 2019-ல் கேமராவும் செயற்கை நுண்ணறிவும் வைத்து, வாயில் இரையோடு வந்தால் 15 நிமிஷம் பூட்டிக்கொள்ளும் கதவைச் செய்துகாட்டினார். சுவிட்சர்லாந்தின் ஃப்ளாப்பி நிறுவனம் இதே வேலையைச் செய்யும் கதவை 2024-ல் அமெரிக்க மின்னணுக் கண்காட்சியில் வைத்தது. கீழப்பழுவூர் கொல்லைக்கு அது வர இன்னும் காலம் இருக்கிறது. சுப்பு பிடித்துவருவது எலியும் ஓணானும்தான் என்று அப்பாயி சத்தியம் செய்கிறார்.

ஆசாரியும் அப்பாயியும்

மருமகளின் தம்பி லண்டனில் இருக்கிறார். பொங்கலுக்கு வருவதாக இருந்தது. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். பூனைக்கு 20 வாரம் ஆவதற்குள் போட்டாக வேண்டும். போடாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். அதனால் அங்கே சிப் கதவு கடையில் எடுத்து வருகிற சாமான். விலை நூறு பவுண்டுக்கு முன்னே பின்னே. நம் காசில் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது.

"மாமா, பெட்டியில எடம் இருக்கா?" என்று பேத்தி கேட்டாள்.

"சாக்லேட் கொறச்சுக்கிட்டா இருக்கு" என்றார் மாமா.

கதவு வந்துசேர்வதற்குள் அளவெடுப்பு நடந்தது. பொதுவான பூனைக் கதவின் திறப்பு 142-க்கு 120 மில்லிமீட்டர். சுப்பு நுழையுமா? மருமகள் தையல் டேப்பை எடுத்துவந்தார். கதவு விஷயத்தில் அவர் மனம் இறங்கிவந்தது அன்றைக்குத்தான் என்று பேத்தி சொல்கிறாள். ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதுபோல சுப்புவின் தோளை எடுத்து, நோட்டில் எழுதியும் வைத்தார்.

எதில் பொருத்துவது என்பது அடுத்த சண்டை. முன்வாசலில் இரும்பு கேட். இரும்புக்கு நடுவில் சிப்பைப் படிக்கும் கருவி ஒழுங்காக வேலை செய்யாது, சுற்றிலும் உலோகத்தை அகலமாக வெட்டி, பலகையோ பிளாஸ்டிக்கோ வைத்துத்தான் பொருத்த வேண்டும். சுவரில் வைக்கலாம் என்றால் ஒன்பது அங்குலச் சுவர். அதற்குச் சுரங்கம்போல நீட்டிப்புத் துண்டுகள் தனியாக வாங்க வேண்டும். மிச்சம் இருப்பது தேக்குக் கதவு.

"என் மாமனார் கதவுல பூனைக்கு ஓட்டையா?" என்று கேட்டார் அப்பாயி. இத்தனை நாள் பூனைகளுக்காகப் பேசிய அதே அப்பாயி.

ஆசாரி வந்து பார்த்தார். வெட்ட வேண்டிய அவசியமே இல்லை என்றார். பழைய கதவு என்பதால் சட்டத்துக்குள் பலகைகள் தனித்தனியாகச் செருகியிருந்தன. இடது கதவின் கீழ்ப் பலகையை மட்டும் கழற்றித் துணி சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, அதே அளவில் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டைச் செருகி, அதில் ஓட்டை போட்டுக்கொள்ளலாம். நாளைக்கு வேண்டாம் என்றால் பழைய பலகை இருந்த இடத்துக்கே வந்துவிடும். அப்பாயி ஒன்றும் சொல்லாமல் ஆசாரிக்கு டீ போடச் சொன்னார். அது சம்மதம்.

ஆசாரி இன்னொன்றும் கவனித்தார். ஓட்டைக்குள் கையை விட்டால் உள்தாழ்ப்பாள் எட்டுகிறது! பூனைக்கு வழிவிட்டுத் திருடனுக்குச் சாவி கொடுத்தமாதிரி ஆகியிருக்கும். தாழ்ப்பாளை மேலே ஏற்றி, குறுக்கே ஒரு பட்டாவும் போட்டார். பூனைக் கதவு வைக்க நினைக்கிறவர்கள் முதலில் தரையில் உட்கார்ந்து, கை எங்கெல்லாம் எட்டுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

சிப் போட திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. நம் ஊரில் இது இன்னும் அதிகம் நாய்களோடுதான் பேசப்படுகிறது. சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும் பிராணிகளுக்கும் கேட்கிறார்கள். சின்ன ஊர்களில் சிப்பைக் கையிருப்பில் வைத்திருக்கும் மருத்துவர்கள் குறைவு. முன்கூட்டியே போன் செய்து, 15 இலக்க எண் வகை சிப்தானா என்று கேட்டுவிட்டுப் போவது அலைச்சலைக் குறைக்கும். எண் வேறு வகை என்றால் கதவு படிக்காமல் போகலாம். மூன்று பூனைகளுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியும் அன்றைக்கே போட்டார்கள்.

ரவுடி யார்?

கடுவனுக்குக் கருத்தடை செய்துவிட்டால் ஊர் சுற்றுவதும் சண்டையும் மூத்திரம் அடிப்பதும் பெரும்பாலும் குறையும் என்றார் மருத்துவர். ஒரே நாளில் அல்ல, சில வாரங்களில். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதுதான், அப்பாயி அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அது யாரோ எவரோ இல்ல. நாலு வருஷத்துக்கு முன்ன மணி போட்ட கடேசி ஈத்துல ஒண்ணு. வளந்ததும் வெளிய போயிடுச்சு. வால் நுனி வெள்ளையப் பாத்தா தெரியல?"

வீடு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ரவுடியின் வால் நுனியை யாரும் அதுவரை பார்த்திருக்கவில்லை. பார்க்கும் தூரத்தில் அது நின்றதும் இல்லை.

மத்தி மீன் வைத்துக் கோழிக்கூண்டில் பிடித்தார்கள். மூன்று நாள் முயற்சி. அதே திருச்சி மருத்துவரிடம் கருத்தடை, தடுப்பூசி. பேத்தி சொன்னதால் சிப்பும் போட்டார்கள். "மயக்கத்துல இருக்கறப்பவே போட்டுட்டா அப்பறம் பிடிக்க வேணாம்ல" என்பது அவள் சொன்ன காரணம்.

தை பாதியில் கதவு மாட்டியாயிற்று. அடிவிளிம்பு பூனையின் வயிற்று உயரத்துக்கு வருமாறு. கதவுக்கு வெளியே இருந்த அம்மிக்கல்லை நகர்த்தினார்கள். அதன் பின்னால் ரவுடி பதுங்கியிருந்தால், வெளியே தலை நீட்டும் பூனைக்கு முதல் அறை அங்கேயே விழும். நான்கு ஆல்கலைன் செல்கள் போட்டார்கள். கரண்ட் போனாலும் கவலை இல்லை. ஆனால், செல் தீர்ந்தால் உள்ளே வருவது நின்றுவிடும். சிவப்பு விளக்கு மின்னினால் மாற்ற வேண்டும் என்று காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார் மகன்.

பட்டர் ஒரே நாளில் கற்றுக்கொண்டது. சுப்புவுக்கு மூன்று நாள். மணிதான் படுத்தியது. தாழ் விழும் 'டக்' சத்தம் அதற்குப் பிடிக்கவில்லை. முதல் வாரம் மடலைத் தூக்கி டேப் போட்டு ஒட்டி, வெறும் ஓட்டையாக விட்டார்கள். அதுவும் பகலில் மட்டும். பிறகு பாதி இறக்கினார்கள். அந்தப் பக்கம் பேத்தி கருவாட்டோடு உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் அப்பாயி மணியின் பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் ராத்திரி யாரும் பார்க்காதபோது அது தானாகப் போய்விட்டுத் தானாக வந்துவிட்டது.

கதவு தீர்க்காததும் உண்டு. மணியின் சிறுநீரகத்துக்கான தனி உணவைச் சுப்பு திருடுவது நிற்கவில்லை. சுப்பு வீட்டு ஆள், அதற்கு எல்லாக் கதவும் திறக்கும். சிப்பைப் படித்து மூடி திறக்கும் சாப்பாட்டுத் தட்டும் விற்கிறார்கள். அதை வாங்கவில்லை. மணிக்குத் தையல் மெஷின் இருக்கும் அறையில் வைத்து, அரை மணி நேரம் கதவைச் சாத்திவிடுகிறார் மருமகள். தைத்துக்கொண்டே பார்த்துக்கொள்கிறார்.

ரவுடிக்கு ராத்திரிச் சாப்பாடு கொல்லைத் திண்ணையில். மூத்திரம் அடிப்பது குறைந்திருக்கிறது. வந்த புதிதில் கதவை இரண்டு மூன்று முறை முட்டிப் பார்த்தது. திறக்கவில்லை. இப்போது முட்டுவதில்லை, சாப்பிட்டுவிட்டு அங்கேயே சாக்கின் மேல் படுத்துக்கொள்கிறது. அதன் எண்ணைக் கதவில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் வீடு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சுப்பு இன்னமும் அதைப் பார்த்துச் சீறுகிறது என்கிறார் மருமகள். அடுத்த மழைக்காலம் வரட்டும், பார்க்கலாம் என்கிறார் மகன். அப்பாயி எதுவும் சொல்வதில்லை. புதுப் பூனையைச் சேர்க்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் பேத்திக்குப் போன் போட்டு இரண்டு முறை கேட்டிருக்கிறார்.